உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபரேஷன்: அபாயம் கூடிய நோயாளியைத் தயார்செய்யும் வரிசை

உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை ஒரு குழாய்போலத் தைத்து மேலே இழுத்து இணைப்பதுதான் இந்த ஆபரேஷன். வயிற்றையும் நெஞ்சையும் ஒரே நாளில் தொட வேண்டியிருக்கும். சிலருக்குக் கழுத்தையும் சேர்த்து. 14 நாடுகளில் இந்த ஆபரேஷனை அதிகம் செய்யும் 24 மருத்துவமனைகள் 2019-இல் வெளியிட்ட கணக்கில், 59 சதவீத நோயாளிகளுக்கு ஏதாவதொரு சிக்கல் வந்திருந்தது. நிமோனியா 14.6 சதவீதம், இணைப்பில் கசிவு 11.4 சதவீதம், 90 நாளுக்குள் இறந்தவர்கள் 4.5 சதவீதம். கைதேர்ந்த இடங்களின் கணக்கே இப்படி. உடல் மெலிந்தவர், வருஷக்கணக்கில் பீடி பிடித்தவர், சர்க்கரையோ இதயநோயோ உள்ளவர் என்றால் அபாயம் இன்னும் கூடும்.

இந்தச் சிக்கல்களில் கணிசமானவற்றுக்கு அடித்தளம் ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களிலேயே விழுந்துவிடுகிறது. அந்த வாரங்களில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் இங்கே. நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தாரையும், வார்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியரையும் மனத்தில் வைத்து எழுதியது. மருந்து அளவும் ஆபரேஷன் முடிவும் உங்கள் மருத்துவக் குழுவினுடையவை.

1. முதலில் காலண்டரை எழுதுங்கள்

நோய் உணவுக்குழாய்ச் சுவரில் ஆழமாகவோ அருகிலுள்ள நெறிக்கட்டிகளிலோ பரவியிருந்தால், பெரும்பாலும் கீமோவும் கதிரும் முதலில், ஆபரேஷன் பிறகு. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் கதிர் 23 தடவை (மொத்தம் 41.4 கிரே; கிரே என்பது கதிரின் அளவு), வாரம் ஒரு கீமோ வீதம் ஐந்து வாரம். அது முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி. ஆக, நோய் உறுதியான நாளிலிருந்து ஆபரேஷன் மேசைக்குப் போக ஏறக்குறைய மூன்று மாதம் கிடைக்கிறது.

இந்த மூன்று மாதத்தைக் ‘காத்திருக்கும் காலம்’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. கதிர் முடியட்டும், அப்புறம் உடம்பைத் தேற்றலாம் என்று விட்டால், கதிரின் நான்காவது வாரத்தில் தொண்டையும் நெஞ்சும் எரிந்து சாப்பாடு நின்றுபோகும். ஐந்தாவது வாரத்தில் எடை சரியும். மிச்சமிருக்கும் இடைவெளி, இழந்ததைப் பிடிக்கவே போதாது. தயாரிப்பு, கதிர் தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

2. அபாயம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

‘ஹை ரிஸ்க்’ என்று டாக்டர் சொன்னால், எதனால் என்று கேளுங்கள். நுரையீரலா, இதயமா, சத்துக் குறைவா, கல்லீரலா, பொதுவான தளர்ச்சியா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

இசிஜி, எக்கோ, நுரையீரல் செயல்திறன் சோதனை, ஹீமோகுளோபின், ஆல்புமின், சிறுநீரக, கல்லீரல் சோதனைகள், சர்க்கரைக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) ஆகியவை வழக்கமானவை. பல வருஷம் குடித்தவருக்குக் கல்லீரல் சுருக்கம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றிய கல்லீரல் சுருக்கம் இருந்தால் இந்த ஆபரேஷனையே பெரும்பாலும் கைவிட வேண்டிவரும். மூன்று மாதம் கழித்துத் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் உடலின் செயல்திறன் குறைவு என்பது ஆசிய நாடுகளுக்காக வகுத்த அளவுகோல். இன்றைய நேரத்தை எழுதிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எடையையும் ஒரே தராசில், காலையில் மலசலம் கழித்தபின் பார்த்து எழுதுங்கள். ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது தனி அபாயம்: 60 கிலோ இருந்தவர் 54-க்கும் கீழே போனால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பருத்தவருக்கும் இது பொருந்தும். பருமனுக்குள்ளே தசை கரைந்திருப்பது வெளியே தெரியாது.

3. சாப்பாடு உள்ளே போக வழி செய்யுங்கள்

இதுவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். சத்து போகாத உடம்பை நடக்கவிட்டால் அது தன் தசையையே எரித்துக்கொள்ளும். உடற்பயிற்சித் தாளை முதலில் கையில் கொடுத்துவிட்டு, உணவியல் நிபுணரைப் பிறகு பார்க்கச் சொல்லும் இடங்கள் உண்டு. வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது.

எது இறங்குகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். குழைந்த சோறும் மசித்த இட்லியும் இறங்கினால் வாய்வழியே போதும். நீராகாரம் மட்டும் இறங்கினால், வாய்வழி உணவோடு டியூப் பற்றியும் இப்போதே பேசிவைக்க வேண்டும். எச்சிலே இறங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 1250 முதல் 1500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். வீட்டுப் பொருளில் கணக்குப் போட்டால்: ஒரு லிட்டர் பால் சுமார் 32 கிராம் புரதம், மூன்று முட்டை 18 கிராம், 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 10 கிராம். இத்தனையும் சேர்ந்து 60 கிராமைத் தொடும். கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் இன்னொரு 250 கலோரி. முட்டையை நன்றாக வேகவைத்து, கஞ்சியோடு மிக்ஸியில் அடித்துக் கொடுங்கள். கீமோ நடக்கும்போது பச்சை முட்டை வேண்டாம்.

இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்று உண்டு. பருப்புத் தண்ணீர், இளநீர், அரிசிக் கஞ்சித் தண்ணீர், காய்கறி சூப் என்று நாள் முழுக்கக் கொடுப்பார்கள். வயிறு நிறையும், புரதம் ஏறாது. பருப்பின் புரதம் அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது, தெளிந்த தண்ணீரில் இல்லை. ‘நல்லாத்தான் குடிக்கிறார், ஆனாலும் எடை குறையுது’ என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

வாய்வழி போதாதென்றால் மூக்குவழி டியூப், அல்லது சிறுகுடலில் வைக்கும் உணவு டியூப் (ஆஸ்பத்திரிப் பேச்சில் எஃப்ஜே). வயிற்றுத் தோல்வழியே இரைப்பைக்குள் நேராகப் போடும் பெக் டியூபை, ஆபரேஷன் திட்டம் இருக்கும் நோயாளிக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இரைப்பைதான் நாளை புதிய உணவுக்குழாய் ஆகப்போகிறது. அதன் வெளிவளைவில் ஓடும் ஒரு தமனியை நம்பித்தான் அந்தக் குழாய் உயிரோடு இருக்கும். பெக் போடும்போது அந்தத் தமனி சேதப்பட வாய்ப்புண்டு. வேறு மருத்துவமனையில் அவசரத்துக்குப் பெக் போடுவதாகச் சொன்னால், ‘பிறகு ஆபரேஷன் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடைப்பைத் திறக்க வைக்கும் ஸ்டென்டும் இப்படியே. ஆபரேஷன் ஆகப்போகிறவருக்கு அது துளை, இடப்பெயர்ச்சி, வலி என்று புதிய தொல்லைகளைக் கொண்டுவரலாம். ஸ்டென்ட் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாத நோயாளிக்கானது.

ஒரு எச்சரிக்கை. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு, அல்லது எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவருக்கு, முதல் நாளே முழு அளவு உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே தயமின் (வைட்டமின் பி1) ஊசியோ மாத்திரையோ முதலில். பிறகு கிலோவுக்கு 10 கலோரிக்கு மேற்படாமல் தொடங்கி, இரத்தச் சோதனை பார்த்துக்கொண்டே 4 முதல் 7 நாளில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யக் கூடாது.

4. பல் டாக்டர், புகையிலை, மது

பல் டாக்டரை முதல் வாரத்திலேயே பாருங்கள். ஆடும் பல்லை எடுக்க வேண்டியிருந்தால் கீமோவுக்கு முன் எடுத்தால்தான் ஆறும். பிறகு இரத்த அணுக்கள் குறைந்து, இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் வரும். ஆபரேஷனுக்குப் பின் விழுங்கும் திறன் சில நாள் மந்தமாக இருக்கும். அப்போது நுரையீரலுக்குள் நழுவும் எச்சிலில் உள்ள கிருமிகள்தான் நிமோனியாவின் விதை. ஜப்பானிய மருத்துவமனைகள் இந்த ஆபரேஷனுக்கு முன் வாயைச் சுத்தம் செய்வதைத் தனிப் படியாகவே வைத்திருக்கின்றன. காலை, இரவு பல் துலக்கல், நாக்கை வழித்தல், சாப்பிட்டபின் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு ஆகியவை தினமும். இரவில் கழற்றிய பல் செட்டைச் சுத்தம் செய்து தண்ணீரில் போடுங்கள்.

பீடி, சிகரெட் நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். ‘குறைத்துவிட்டேன்’ என்பது கணக்கில் வராது. நிக்கோடின் சூயிங்கமோ பட்டையோ தேவைப்பட்டால் டாக்டரிடம் கேளுங்கள். புகையைவிட அவை எவ்வளவோ மேல். மெல்லும் புகையிலை, பான் மசாலா, வெற்றிலைப் பாக்கு எல்லாமே நிறுத்தும் பட்டியலில் உண்டு. புகை இல்லையே என்று பாக்கை மட்டும் விட்டுவைக்கிறார்கள்.

மதுவையும் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் தினமும் குடித்தவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். எவ்வளவு குடித்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால், ஆபரேஷனான மூன்றாம் நாள் ஐசியுவில் அவர் டியூபைப் பிடுங்கும்போதுதான் தெரியவரும்.

5. சர்க்கரை, இரத்தசோகை, மாத்திரைப் பட்டியல்

எச்பிஏ1சி 8.5-க்கு மேல் இருந்தால், இந்த மூன்று மாதத்தில் இறக்கிவிடலாம். ஆனால் சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மருந்தை மாற்றுவதுதான் வழி. ‘சுகர் இருக்கு, பால் வேண்டாம்’ என்று ஒரு உறவினர் சொல்ல, ஒரு வாரப் புரதம் போய்விடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும். பட்டினி கிடக்கும்போது இவை, சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடும். அதற்குப் பதில் என்ன என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரையையும் பீட்டா பிளாக்கரையும் (இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால், ஆபரேஷனுக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு கூடும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்தைச் சோதித்து, நரம்புவழி இரும்பு ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். முந்தைய நாள் இரத்தம் ஏற்றிச் சமாளிப்பது கடைசி வழி.

6. மூச்சும் நடையும்

உணவு ஓரளவு சீரான பிறகு இது. நாளைக்குப் பத்து நிமிடம் மூன்று முறை என்று நடக்கத் தொடங்கி, வாரம் ஐந்து நாள், ஒரே நடையாக 30 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குதல், ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக இரண்டு சுற்று. கதிரின் கடைசி இரண்டு வாரம் களைப்பு மிகும். அப்போது கூட்ட முயல வேண்டாம், நின்றுபோகாமல் பார்த்தால் போதும். காய்ச்சல், நெஞ்சுவலி, தலைசுற்றல் இருந்தால் அன்று ஓய்வு.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை (மூச்சுப் பயிற்சிக் கருவி) கையில் கொடுத்தால் பாதிப்பேர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்சும் கருவி. வாயில் குழாயைக் கவ்வி, மெதுவாக உள்ளிழுத்து, பந்தை மூன்று விநாடி மேலே நிறுத்த வேண்டும். மூன்று பந்தையும் ஒரே வெட்டில் தூக்குவது போட்டிக்கு நன்றாக இருக்கும், நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. ஒரு பந்தை நிதானமாக நிறுத்துவதே மேல்.

கருவியை வாங்கிவிட்டாலே வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். உணவுக்குழாய் ஆபரேஷனுக்கு முன் மூச்சுத் தசைக்கு மட்டும் கருவியால் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது, 241 பேர். நிமோனியா குறையவில்லை: பயிற்சி பெற்றவர்களில் 39 சதவீதம், பெறாதவர்களில் 36 சதவீதம். அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு மேல்வயிற்று ஆபரேஷன் நோயாளிகளைப் பற்றியது. ஆபரேஷனுக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒருமுறை, 30 நிமிடம் உட்கார்ந்து, எழுந்ததும் எப்படி மூச்சுவிட வேண்டும், எப்படி இரும வேண்டும், ஏன் என்று சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல் 27-இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. நோயாளிக்குக் காரணம் புரிந்திருப்பது பந்து எத்தனை மேலே போகிறது என்பதைவிட முக்கியம் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

தலையணையை வயிற்றோடு அணைத்து இருமுதல், வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிவதுபோல ‘ஹா’ என்று காற்றைத் தள்ளுதல், இரண்டையும் இப்போதே பழக வேண்டும். தையலோடு படுத்திருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

7. மறுபடி மதிப்பிடும் சந்திப்பு

கதிர் முடிந்த சில வாரத்தில் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டியவை சில உண்டு.

ஆபரேஷன் இப்போதே தேவையா? இந்தியாவில் மிகுதியாக வரும் ஸ்குவாமஸ் வகைக் கட்டி கீமோ, கதிருக்கு நன்றாக மடங்கும். கீமோ, கதிருக்குப் பின் எடுத்த உணவுக்குழாயைச் சோதித்த முக்கியமான டச்சு ஆய்வில், இந்த வகையில் 49 சதவீதம் பேருக்குக் கட்டியின் சுவடே இல்லை. கட்டி முழுக்க மறைந்ததாகத் தெரிந்தால், எண்டோஸ்கோபி, பயாப்சி, ஸ்கேன் என்று கறாராகக் கண்காணித்து, திரும்பி வந்தால் மட்டும் ஆபரேஷன் செய்யும் வழியையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுவரை உயிர்பிழைப்பு குறையவில்லை. அபாயம் மிகக் கூடியவருக்கு இது பேச வேண்டிய வழி. ஆனால் குறித்த தேதியில் தவறாமல் வரமுடியாத குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

எந்த முறை? 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், வயிற்றுப் பகுதியை மட்டும் லேப்ராஸ்கோப்பில் (சிறு துளைகள் வழியே) செய்து நெஞ்சைத் திறந்தபோதே, இரண்டையும் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால், பெரிய சிக்கல்கள் 64-இலிருந்து 36 சதவீதமாகக் குறைந்தன. இணைப்பு நெஞ்சுக்குள்ளா, கழுத்திலா என்பதையும் கேளுங்கள். கழுத்தில் கசிவு அதிகம் என்றாலும், கட்டி மேலே இருந்தால் வேறு வழியில்லை.

இங்கே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? இதைக் கேட்க யாரும் கூச வேண்டாம். நெதர்லாந்தில் ஆண்டுக்கு 20-க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனை இந்த ஆபரேஷனைச் செய்யக் கூடாது என்றே விதி. கசிவு வந்தால் இரவிலும் எண்டோஸ்கோபி, சிடி, ஐசியு படுக்கை கிடைக்குமா என்பதும் அதே அளவு முக்கியம்.

எடை இன்னும் சரிந்துகொண்டே இருந்தால், ஓரிரு வாரம் தள்ளிப்போடுவது தோல்வி அல்ல.

8. கடைசி இரண்டு நாள்

திட உணவை ஆறு மணி நேரம் முன்பும், தெளிந்த தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொது விதி. உணவுக்குழாய் அடைத்திருப்பவருக்கு இது அப்படியே பொருந்தாது. நேற்றுச் சாப்பிட்டது கட்டிக்கு மேலே தேங்கி நிற்கும். மயக்கம் கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போனால், ஆபரேஷன் தொடங்கும் முன்பே நிமோனியா. சாப்பிட்டது எதுக்களித்து வருகிறதா என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் பெட்டி, ஸ்பைரோமீட்டர், அணைக்கும் தலையணை எல்லாம் பையில் இருக்கட்டும். கண்ணும் காதும் தெளிவாக இருக்கும் முதியவர் ஐசியுவில் குழம்புவது குறைவு.

9. ஆபரேஷனுக்குப் பின் முதல் பத்து நாள்

மறுநாளே நாற்காலியில் உட்காரவைப்பார்கள். ‘பாவம், படுக்கட்டும்’ என்று தடுக்காதீர்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து மூச்சு ஸ்பைரோமீட்டரில். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தியே இருக்க வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வீரமில்லை. வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி தேங்கும். படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது போதாது, இருமும்போது எவ்வளவு என்று கேட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மூக்கு டியூப் புதிய குழாயை வீங்கவிடாமல் காக்கிறது. அது தானாக வெளியே வந்துவிட்டால் வார்டில் யாரும் திரும்பத் தள்ளக் கூடாது. புதுத் தையலில் குத்தும். சர்ஜனைக் கூப்பிட வேண்டும். வாய் உலர்கிறது என்று ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பதும் கூடாது, ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கலாம். குரல் கரகரத்திருந்தால் குரல் நரம்பு அடிபட்டிருக்கலாம். அந்த ஒரு ஸ்பூன் நேராக மூச்சுக்குழலுக்குள் போகும்.

உடனே சொல்ல வேண்டிய மாற்றங்கள்: நாடி திடீரென ஒழுங்கற்று ஓடுவது, காய்ச்சல், மூச்சு வேகம், புதிதாகக் குழப்பமான பேச்சு, நெஞ்சு டிரெயினில் (நெஞ்சிலிருந்து திரவத்தை வடிக்கும் குழாய்) கலங்கல். தாறுமாறான நாடியை ‘இதயப் பிரச்சினை’ என்று மருந்து கொடுத்து மூடிவிடுவது வார்டில் நடக்கும் தவறு. பல நேரம் அடியில் கசிவோ நிமோனியாவோ இருக்கும். சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தச் சோதனை) மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்காமல் ஏறினால் சிடியோ எண்டோஸ்கோபியோ தேவையா என்று கேட்க வேண்டிய நேரம். டிரெயின் பால்போல வெளுத்தால் நிணநீர்க் கசிவு. பட்டினியில் அது வெளிறிய மஞ்சளாகவே வரும். டியூபில் கொழுப்புள்ள உணவு தொடங்கியபின்தான் வெளுக்கும். ஆகவே உணவு தொடங்கிய நாளில் டிரெயினைக் கவனியுங்கள்.

10. வீட்டில்

சிறுகுடல் டியூபில் வீட்டுக் கஞ்சி ஊற்றாதீர்கள். எவ்வளவு வடிகட்டினாலும் மெல்லிய குழாய் அடைக்கும். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மாத்திரையைப் பொடித்துப் போடாமல் திரவ மருந்தாகக் கேளுங்கள். சிறுகுடலுக்குச் சேமித்துவைக்கும் பை கிடையாது. சிரிஞ்சில் ஒரே மூச்சில் தள்ளினால் வயிற்றுப்பிடிப்பும் பேதியும் வரும். சொட்டுச் சொட்டாக, மணிக்கு 20 முதல் 30 மி.லி.யில் தொடங்கி ஏற்ற வேண்டும். டியூப் கழன்று விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போங்கள். துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

வாய்வழி உணவு நாளைக்கு ஆறு முதல் எட்டுச் சிறு வேளை. தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. பாயசம், ஜூஸ், சர்க்கரை போட்ட கஞ்சி சாப்பிட்டதும் வியர்த்துப் படபடப்பு வந்தால், இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குகிறது என்று பொருள், நிறுத்துங்கள். சாப்பிட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்க வேண்டாம். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் மேலேதான் வரும்.

இரத்த உறைவுத் தடுப்பு ஊசியை எழுதிக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் நாளிலிருந்து நான்கு வாரம்; நன்றாக நடக்கிறாரே என்று பாதியில் விடாதீர்கள். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் உணவு மறுபடி சிக்கத் தொடங்கினால், இணைப்புத் தழும்பு இறுகியிருப்பதுதான் வழக்கமான காரணம். எண்டோஸ்கோபியில் விரித்துவிடலாம், சிலருக்குப் பல தடவை வேண்டிவரும். புற்று திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் வாரக்கணக்கில் நீராகாரத்தோடு வீட்டிலேயே இருப்பவர்கள், அதற்குள் நான்கைந்து கிலோ இழந்துவிடுகிறார்கள்.